கடிகாரத்துக்குக் கீழே

ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் ஓட்டத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள். இது அம்மாவின் கணக்கு.

அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். ஸ்கூல் என்றால் ஓர் அறை, ஒரு மேசை, சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த படம், வாசலில் ஒரு வெள்ளைக் கார். காரில் அவள் உட்காரும் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக் இருந்தது. அதை மிதித்து மிதித்து அவளுடைய வலது கால் இடது காலைவிடத் தடித்துவிட்டது. வேறு யார் காரில் ஏறினாலும் அங்கே இல்லாத பிரேக்கை அந்தக் கால் தேடும். மகள் ஓட்டினால் இரண்டு கால்களும் தேடும். சபையில் அவளுக்கு "பிரேக் அக்கா" என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கார் கற்றுக்கொண்டது அவள் விரும்பியதல்ல. அவள் கணவர் பழைய கார் ஒன்று வாங்கினார். வாங்கிய பிறகுதான் தனக்கு ஓட்டப் பயம் என்று அவருக்குத் தெரிந்தது. அம்மா கற்றுக்கொண்டாள். அவர் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். இருந்தவரை பின்சீட்டில்தான் வந்தார். பார்த்தவர்கள் அவரைப் பெரிய அதிகாரி என்று நினைத்தார்கள்.

ஐம்பதை நெருங்கும்போது அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் பிடிக்காமல் என்ன செய்யும் என்றார் டாக்டர். நடக்கச் சொன்னார். அம்மா இரண்டு நாள் நடந்தாள். மூன்றாம் நாள், காரில் போகிற தூரத்துக்கு ஏன் நடக்க வேண்டும் என்று நிறுத்திவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர், சபையில் நடன ஊழியம் ஒன்று தொடங்கப்போவதாகவும் பொறுப்பெடுக்க ஒருவர் வேண்டும் என்றும் அறிவித்தார். இளம்பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா கையைத் தூக்கினாள்.

"சிஸ்டர், உங்களுக்கு டான்ஸ் தெரியுமா?"

"தெரியாது பாஸ்டர். சொல்லிக்கொடுக்கத் தெரியும்."

சபை மூப்பர் எழுந்து தொண்டையைக் கனைத்தார். "ஆலயத்துல ஆட்டமா? நல்லாவா இருக்கு?"

"ஐயா, பாட்டு பாடும்போது நீங்க காலால தாளம் போடுறீங்கல்ல? நாங்க அதையே கொஞ்சம் உயரமா போடப்போறோம். அவ்வளவுதான்."

மூப்பர் தன் காலைக் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் தாளம் போடவே இல்லை.

எட்டுப் பேர் சேர்ந்தார்கள். நர்ஸ், தையல்காரம்மா, வங்கியில் வேலை பார்க்கும் அக்கா தங்கை இருவர், அம்மாவின் சொந்தத் தங்கை என்பதால் தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொண்ட சின்னம்மா, இன்னும் மூவர். ஒருவருக்கும் நடனம் தெரியாது. யாருக்கும் சம்பளம் இல்லை. இவர்களோடு சம்பளமும் விருப்பமும் இல்லாமல் மகளும் சேர்க்கப்பட்டாள். அவள் லிஃப்ட் பழுதுபார்க்கும் இன்ஜினியர்.

"ஒயர் மாட்டத் தெரியுமில்ல உனக்கு? அப்ப சவுண்டு நீ பாத்துக்க," என்றாள் அம்மா.

"அது வேற ஒயர்மா."

"எல்லா ஒயரும் ஒயர்தான். வா."

அம்மா நடனத்தையும் காரைச் சொல்லிக்கொடுப்பது போலவே சொல்லிக்கொடுத்தாள். வேறு முறை அவளுக்குத் தெரியாது. குதிகாலை மெதுவாக இறக்க வேண்டுமென்றால், "கிளட்ச்ச பட்டுனு விடாதடி, வண்டி குலுங்குது பாரு," என்பாள். திரும்பப்போகிற பக்கம் முதலில் கையை நீட்ட வேண்டும், நீட்டாமல் திரும்பினால், "இண்டிகேட்டர் எங்க? பின்னாடி வர்றவ உன்மேல மோதட்டுமா?" என்பாள். அதனால் அவள் அமைத்த எல்லா நடனங்களிலும் ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்பும் ஒரு கை நீண்டது. பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து வந்த ஒருவர், அழைப்பின் கரம் போல உருக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அவருக்கு நன்றி சொன்னாள்.

இரண்டு விதிகளை அவள் மாற்றியதே இல்லை. ஒன்று, வண்டியை நடுரோட்டில் நிறுத்தக் கூடாது. யார் என்ன தப்புச் செய்தாலும் பாட்டை நிறுத்த மாட்டாள். பாட்டு ஓட ஓடவே திட்டுவாள். மற்றொன்று, காலைப் பார்க்கக் கூடாது. "கியரப் பாத்துக்கிட்டு வண்டி ஓட்டுவியா? முன்னாடி பாரு. யோசிக்காத. என்னப் பாரு, பாத்தத செய்."

இதற்காக அவள் ஆடுகிறவர்களுக்கு எதிரே நின்றாள். ஒத்திகையில் மட்டுமல்ல, நிகழ்ச்சியிலும். வருடத்துக்கு ஒருமுறை நகர மன்றத்தின் ஹாலை எடுத்து நிகழ்ச்சி நடத்துவார்கள். ஹாலின் பின்சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று. அதற்குக் கீழே, உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால், அம்மா நிற்பாள். நல்ல உயரம். முழு நடனத்தையும் அங்கே நின்று ஆடுவாள். மேடையில் எட்டுப் பேரும் முகத்தை நிமிர்த்தி, கண்ணிமைக்காமல், தூரத்தில் எதையோ தரிசிப்பது போல ஆடுவார்கள். அந்தப் பார்வையை எல்லோரும் புகழ்ந்தார்கள்.

மேடையிலிருந்து பார்த்தால் இடது பின்மூலையில் சவுண்டு மேசை. அங்கே மகள். அம்மாவுக்கு எப்போதும் சத்தம் அதிகம். ஆடிக்கொண்டே மூலைப் பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் கீழே காட்டி ஒருமுறை தாழ்த்துவாள். குறை என்று அர்த்தம். காரில் அந்தக் கை வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வீட்டில் வந்தால் டிவியை. மகள் குறைப்பாள். மேசையிலிருந்த சத்த மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே குறைப்பாள்.

சில வருடங்களுக்குப் பிறகு அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது புதிய நடனம் பாதி ஒத்திகையைத் தாண்டியிருந்தது. இதுவரை அமைத்ததிலேயே நீளமானது, திருப்பங்கள் நிறைந்தது. அம்மாவுக்கு அதன்மேல் ஒரு கர்வம் இருந்தது. படுக்கையிலும் விரல்களால் அதைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிகிச்சை பலிக்கவில்லை என்று டாக்டர் வெளியே அழைத்துச் சொன்னார். மகள் உள்ளே வந்தாள். ஏதாவது சொல்லணுமாம்மா என்று கேட்டாள்.

"ஹாலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. கேன்சல் பண்ணிடாதீங்க."

"சரிம்மா."

"அந்த டான்ஸ் மேடை ஏறணும்."

"ஏறும்மா."

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த மகள் அப்போது சத்தமாக அழுதுவிட்டாள். அம்மா கண்ணைத் திறக்காமல் உள்ளங்கையைக் கீழே காட்டி ஒருமுறை தாழ்த்தினாள். மகள் குறைத்துக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, மகள் ஒத்திகைக்குப் போனாள். வாக்குக் கொடுத்திருந்தாள், நடனம் மேடை ஏற வேண்டும். சபைக் கட்டடத்தின் பின்னறையில் எட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள். பாட்டைப் போட்டாள். முதல் திருப்பத்தில் நால்வர் இடப்பக்கமும் மூவர் வலப்பக்கமும் போனார்கள். சின்னம்மா எந்தப் பக்கமும் போகவில்லை.

இரண்டாம் முறையும் அதேதான். ஆள் மட்டும் மாறியது.

மகள் பழுதுபார்க்கிறவள். லிஃப்ட் நின்றால், ஒவ்வொரு பாகமாகக் கழற்றிச் சோதித்து, எது கெட்டது என்று பிரிப்பாள். அப்படியே ஒவ்வொருவரையும் தனியாக ஆடச் சொன்னாள். நர்ஸுக்குத் தொடக்கம் மட்டும் தெரிந்தது. தையல்காரம்மாவுக்கு உடையில் எங்கே மடிப்பு விரியும் என்று தெரிந்தது. மற்றவர்களுக்கு அதுவும் தெரியவில்லை. இத்தனை வருடங்களில் ஒருவர்கூட எந்த நடனத்தையும் மனப்பாடம் செய்ததில்லை. பார்த்ததைச் செய்தார்கள், பார்க்க ஆள் இருந்தது. பழுது பிடிபட்டது. அந்த உதிரிபாகம் கடையில் கிடைக்காது.

"அப்ப பழைய டான்ஸெல்லாம்?" என்று கேட்டாள்.

"அது கையத் தூக்குறதுதானே," என்றாள் நர்ஸ். "சந்தேகம் வந்தா மேல பாத்துருவோம். பக்தின்னு நெனச்சுக்குவாங்க."

சின்னம்மா மகளைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, நீதான் வருஷக்கணக்கா அவகூடவே நின்ன. உனக்குத் தெரியாமலா போயிரும்? நீ முன்னாடி நில்லு."

"நான் மீட்டரப் பாத்துக்கிட்டு இருந்தேன் சின்னம்மா."

"ஒரு தடவகூட நிமிந்து பாக்கலையா?"

"சத்தம் ஏறுச்சுன்னா அம்மாவுக்குப் பிடிக்காது."

சின்னம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அக்கா இடத்தில் தானே நிற்பதாகச் சொன்னாள். ஞாபகத்திலிருந்து ஆளுக்கொரு துண்டாகச் சேர்த்து, விடுபட்ட இடங்களில் அவள் போக மீதி ஏழு பேரும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வது என்று முடிவானது. சின்னம்மா எதிரே நின்று ஆடினாள். ஏழு பேரும் பார்த்துச் செய்தார்கள். அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. மோதவில்லை. பாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "கர்த்தர் பார்த்துக்குவார்," என்றார். நடனம் நன்றாக இருந்தால் அவர் அப்படிச் சொல்வதில்லை.

நிகழ்ச்சியன்று மதியம் ஹாலில் கடைசி ஒத்திகை. சின்னம்மா கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றாள். மேடையிலிருந்து நர்ஸ் கத்தினாள்.

"அக்கா, வந்துட்டீங்களா?"

"இங்கதான்டி நிக்கிறேன்!"

"தெரியலையே!"

சின்னம்மா அம்மாவைவிட ஒரு முழம் குட்டை. காலி நாற்காலிகளுக்குப் பின்னாலேயே தோள்வரைதான் தெரிந்தாள். ஆட்கள் உட்கார்ந்தால் மேலே தூக்கிய கை மட்டும் தெரியும். ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். ஏறியவள் இரண்டு கைகளாலும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய விடுங்க சின்னம்மா."

"விட்டா விழுந்துருவேன்."

"விடாம எப்படி ஆடுவீங்க?"

"அதான் நானும் கேக்குறேன்."

இறக்கிவிட்டார்கள். எட்டாவது ஆளாக மேடைக்கே போகிறேன் என்றாள். பாஸ்டர் மகளைத் தனியே கூப்பிட்டு, பழைய மூன்று நடனங்களோடு முடித்துக்கொள்ளலாமே, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார்.

"அம்மா நெனப்பாங்க பாஸ்டர்," என்றாள் மகள்.

அவளிடம் ஒரு வீடியோ இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை; ஒருமுறை திறந்து, அம்மா தெரிந்ததும் மூடிவிட்டிருந்தாள். ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்று அம்மா அங்கேயே நடத்திய கடைசி ஒத்திகையில், மேடையில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று நர்ஸ் குறைப்பட்டதால், அங்கே எப்படிக் கேட்கிறது என்று பதிவு செய்ய மகள் தன் போனை மேடையின் ஓரத்தில் ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்திருந்தாள். சத்தத்துக்காக வைத்தது. கேமரா எதைப் பார்க்கிறது என்று அவள் கவனிக்கவில்லை. அது நேர் எதிரே, கடிகாரத்துக்குக் கீழே நின்ற அம்மாவைப் பார்த்திருந்தது. புதிய நடனம், தொடக்கம் முதல் முடிவு வரை. ஓரத்தில் மகளின் முழங்கை.

ஹாலில் ஒரு புரொஜெக்டர் இருந்தது. அதைப் பின்பக்கம் திருப்பி, பின்சுவரில் படம் விழும்படி வைத்தாள். வீடியோவின் சத்தத்தை நிறுத்தினாள். பாட்டும் படமும் ஒன்றாகத் தொடங்குகின்றனவா என்று பார்த்தாள். ஒன்றாக முடிகின்றனவா என்று பார்த்தாள். நடுவில் இருந்ததைப் பார்க்கவில்லை. ஒரு லிஃப்டை ஒவ்வொரு மாடியிலும் நிறுத்திப் பார்க்காமல் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. ஏன் பார்க்கவில்லை என்று பிறகு சின்னம்மா கேட்டதற்கு நேரமில்லை என்றாள். கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

ஆடுகிறவர்களிடம், "பின்சுவத்துல அம்மா வருவாங்க. வழக்கம்போலப் பாருங்க," என்று மட்டும் சொன்னாள்.

தையல்காரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அழுதா கண்ணு மறைக்கும்," என்றாள் மகள். "கண்ணு மறைச்சா மோதுவீங்க."

ஹால் நிறைந்தது. பழைய நடனங்கள் மூன்றும் ஓடின. ஆடியவர்கள் நிறையவே மேலே பார்த்தார்கள். பாஸ்டர் எழுந்து, அடுத்த நடனம் நம்மைவிட்டுக் கடந்துபோன சகோதரி அமைத்தது என்று அறிவித்துவிட்டு முன்வரிசையில் மூப்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். விளக்குகள் மங்கின. மகள் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தான்களை அழுத்தினாள்.

பின்சுவரில் அம்மா எழுந்தாள். உயிரோடு இருந்ததைவிட இரண்டு மடங்கு உயரம். தலை கடிகாரத்தை மறைத்தது.

மேடையில் எட்டு முகங்களும் ஒன்றாக நிமிர்ந்தன. அம்மா இண்டிகேட்டர் போட்டாள். எட்டுக் கைகள் நீண்டன. திரும்பினாள்; திரும்பினார்கள். ஒத்திகையில் விடுபட்டிருந்த இடங்களெல்லாம் அதனதன் இடத்தில் வந்தன. மகள் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி தாண்டியிருக்கும். மேடையில் யாரும் எதுவும் ஆடவில்லை என்பது அவள் கடைக்கண்ணில் பட்டது. நிமிர்ந்தாள். எட்டுப் பேரும் மணிக்கட்டால் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்டவர்கள் மூன்று பேர்தான்.

மகள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தன் கண்ணாடியைத் தள்ளிவிட்டுத் திட்டத் தொடங்கியிருந்தாள். அந்த ஒத்திகையன்று நர்ஸ் கையை மாற்றித் தூக்கியிருக்க வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நடுரோட்டில் வண்டியை நிறுத்தக் கூடாதல்லவா. அம்மா ஆள்காட்டி விரலை நீட்டி ஆட்டினாள். மேடையிலிருந்து எட்டு விரல்கள் முன்வரிசையை நோக்கி நீண்டு ஆடின. அன்று தான் வாங்கிய திட்டை நர்ஸும் சேர்ந்தே திட்டிக்கொண்டிருந்தாள். விரலுக்கு நேரே இருந்த மூப்பர் மெதுவாகத் தலை குனிந்தார்.

நிறுத்திவிடலாம் என்று மகளின் கை பொத்தான் வரைக்கும் போனது. நிறுத்தினால் எட்டுப் பேரும் மேடையில் திக்குத் தெரியாமல் நிற்பார்கள். கை அங்கேயே நின்றது.

அம்மா உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். எட்டுப் பேர் அடித்துக்கொண்டார்கள். பட்டென்று ஒரே சத்தம்; அவர்கள் ஆடிய காலத்தில் அவ்வளவு ஒற்றுமையாக ஒன்றைச் செய்ததில்லை. ஹாலின் நடுவரிசைகளில் சிலர் தங்கள் நெற்றியிலும் அடித்துக்கொண்டார்கள். யாரோ அல்லேலூயா என்றார்கள்.

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். வைத்துக்கொண்டார்கள், விட்டார்கள். பிறகு அம்மா மூலைப் பக்கம் திரும்பினாள். எட்டுப் பேரும் மூலைப் பக்கம் திரும்பினார்கள். அந்த மூலையில் மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் மகள் இருந்தாள். அம்மா கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, ஒருமுறை தாழ்த்தினாள்.

மேடையிலிருந்து எட்டுக் கைகள் அவளைப் பார்த்துத் தாழ்ந்தன.

மீட்டர் சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மகள் சத்தத்தைக் குறைத்தாள்.

அம்மா தலையை ஆட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆடினாள். அவர்களும் ஆடினார்கள். மகள் அதற்குப் பிறகு மீட்டரைப் பார்க்கவில்லை. அம்மா குதிகாலை எவ்வளவு மெதுவாக இறக்குகிறாள் என்று பார்த்தாள். திரும்பும்போது பிடித்துக்கொண்ட இடுப்பு கொஞ்சம் தயங்கி, பிறகு வருவதைப் பார்த்தாள். பாட்டு முடிந்தது. படமும் முடிந்தது, அதை ஏற்கெனவே சரிபார்த்திருந்தாள். சுவரில் கடிகாரம் திரும்பி வந்தது.

ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாஸ்டர் முடிவு ஜெபத்தில், நடுவில் வந்த அந்த அசைவுகள் ஆத்துமாவைச் சோதித்து, மனஸ்தாபப்பட்டு, பெருமையைத் தாழ்த்துவதைக் காட்டுகின்றன என்று விளக்கினார். மூப்பர் உரக்க ஆமென் சொன்னார். ஜெபம் முடிந்து கடைசிப் பாட்டில் அவர் கால் தாளம் போட்டது.

ஹால் காலியான பிறகு மகள் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சின்னம்மா இன்னும் மேடை உடையோடு வந்து ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். நெற்றி சிவந்திருந்தது.

"அடுத்த வருஷமும் அந்த அடி இருக்கணுங்கிறாரு பாஸ்டர்."

"இருக்கட்டும்."

"கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லணும்டி. அவ பாட்டுக்கு ஓங்கி அடிச்சுட்டா."

மகள் ஒயரை முடிச்சிட்டுப் பெட்டியில் வைத்தாள்.

"சத்தம் எப்படி இருந்துச்சு சின்னம்மா?"

"கடைசில நல்லா இருந்துச்சு. மொதல்ல கொஞ்சம் அதிகம்."

"ஆமா," என்றாள் மகள். "அம்மா சொன்னாங்க."